பழைய டிவி கேமைப் புதிய மானிட்டரில் ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் பழைய கேம் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு வழியில் வீட்டுக்குள் வந்தவை. ஒன்று, மஞ்சள் கேசட் செருகி ஆடும் டிவி கேம். ஜங்ஷன் கடையிலோ திருவிழாக் கடையிலோ வாங்கியது. இன்னொன்று, மேலப்பாளையத்துக்கும் கடையநல்லூருக்கும் வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் வகையறா. பெட்டி இன்னும் ஓடும், பார்ப்பதற்குத்தான் திரை இல்லை. டப்பா டிவி எடைக்குப் போய்விட்டது. மேசையில் இருப்பது 22 அங்குல மானிட்டர், அதன் பின்னால் எச்டிஎம்ஐயும் விஜிஏவும் மட்டும்.

இந்த இரண்டையும் இணைக்க ஒயர் மட்டும் தேடிப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு முனையில் மஞ்சள்-வெள்ளை-சிவப்பும் மறுமுனையில் விஜிஏவோ எச்டிஎம்ஐயோ உள்ள வெறும் ஒயர் கடைகளில் கிடைக்கும், விலையும் குறைவு. பழைய கேம் பெட்டிக்கு அது உதவாது. இங்கே மாற வேண்டியது சிக்னல். அதை மாற்றக் கரண்ட் வாங்கி வேலை செய்யும் ஒரு கருவி நடுவில் வேண்டும்.

நேராகச் செருகினால் ஏன் வராது

நம் ஊர் டிவி கேம்கள் பால் (PAL) என்ற டிவி முறையில் படம் அனுப்புபவை. நொடிக்கு 50 படம், ஒரு படத்துக்குச் சுமார் 312 வரி. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 15,600 வரி. அமெரிக்க, ஜப்பானிய என்டிஎஸ்சி பெட்டிகளில் நொடிக்குச் சுமார் 60 படம், 15,700 வரி. கம்ப்யூட்டர் மானிட்டரின் விஜிஏ தொடங்குவதே ஏறக்குறைய 31,500 வரியில். அதில் பாதி வேகத்தில் வரும் சிக்னலை மானிட்டர் கண்டுகொள்ளாது. 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று காட்டும், அல்லது தூங்கிவிடும்.

டிவிக்குள் ஆன்டெனா சிக்னலைப் பிரிக்கும் டியூனரும் மஞ்சள் ஒயரின் நிறத்தைப் பிரித்தெடுக்கும் சிப்பும் உண்டு. மானிட்டரில் இரண்டும் கிடையாது. ஆகவே வரி எண்ணிக்கையை இரட்டிப்பது, நிறத்தைப் பிரிப்பது, டிஜிட்டலாக்குவது ஆகிய மூன்று வேலையையும் நடுவில் இருக்கும் கருவிதான் செய்தாக வேண்டும்.

பலரும் செய்து பார்க்கும் தவறு ஒன்று: அரசு கொடுத்த இலவச லேப்டாப்பின் எச்டிஎம்ஐயில் கேம் பெட்டியைச் செருகுவது. லேப்டாப்பில் உள்ள எச்டிஎம்ஐ படத்தை வெளியே அனுப்பும் வழி, உள்ளே வாங்காது. லேப்டாப் திரைதான் வேண்டுமென்றால் யுஎஸ்பி கேப்சர் கருவி போட வேண்டும். ஆனால் பொத்தானை அமுக்கியதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் நடுவே தெரியும் தாமதம் கையைக் கட்டிப்போட்டுவிடும். ஆட்டத்தைப் பதிவுசெய்ய அது போதும், ஆடுவதற்கு வேண்டாம்.

முதலில் கரண்டைப் பாருங்கள்

படத்தைப் பற்றி யோசிக்கும் முன் பெட்டிக்கு என்ன கரண்ட் வேண்டும் என்று உறுதிசெய்யுங்கள். நம் சுவரில் 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. சவூதியில் முன்பு பல வீடுகளில் 127. அங்கிருந்து வந்த பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் '220-240' அல்லது '100-240' என்று இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகவே கூடாது. பெரிய பிளேஸ்டேஷன் 2க்கு 100 விஏ அளவாவது இருக்கட்டும். துபாய், சிங்கப்பூரில் வாங்கியவை பெரும்பாலும் நம் வோல்ட்டுக்கே பொருந்தும்.

மஞ்சள் கேசட் டிவி கேமுக்கு வேண்டியது பொதுவாக 9 வோல்ட் டிசி, 500 முதல் 850 மில்லிஆம்பியர். தொலைந்துபோன அடாப்டருக்குப் பதில் வேறொன்று வாங்கும்போது கவனிக்க வேண்டியது துருவம். நடு முள் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். பெட்டியில் அந்தப் படம் அழிந்திருந்தால் இப்படிச் சோதியுங்கள்:

1. அடாப்டரைக் கழற்றிவிட்டு மூடியைத் திறங்கள். உள்ளே அலுமினியத் தகட்டில் திருகிய மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்று இருக்கும், அதில் 7805 என்று எழுதியிருக்கும்.
2. மல்டிமீட்டரைப் 'பீப்' சத்தம் தரும் நிலையில் வையுங்கள்.
3. ஒரு முனையை 7805இன் நடுக்காலிலும் மறுமுனையை அடாப்டர் ஜாக்கின் நடு முள்ளிலும் வையுங்கள். சத்தம் வந்தால் நடு முள் மைனஸ். ஜாக்கின் வெளிப்புறத் தகட்டில் சத்தம் வந்தால் நடு முள் பிளஸ்.
4. இரண்டிலும் சத்தம் இல்லையென்றால் உள்ளே நான்கு டயோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் துருவம் எப்படி இருந்தாலும் ஓடும்.

9க்குப் பதில் 12 வோல்ட் கொடுத்தாலும் ஓடத்தான் செய்யும். ஆனால் மிச்ச வோல்ட் முழுவதும் 7805இல் சூடாகக் கழியும். பெட்டி 0.3 ஆம்பியர் இழுத்தால் 9 வோல்ட்டில் 1.2 வாட் சூடு, 12 வோல்ட்டில் 2.1 வாட். பாளையங்கோட்டையின் சித்திரை வெயிலில், மின்விசிறி இல்லாத அறையில், சின்னத் தகட்டோடு அது தாங்காது. பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரை எதிலும் செருகாமல் அளந்தால் 12, 13 என்று காட்டும். சுமை இல்லாததால் அப்படி, பழுது இல்லை.

கன்வெர்ட்டர் வாங்கும்போது

பெரும்பாலானோருக்குத் தேவைப்படுவது உள்ளங்கையளவுச் சின்னப் பெட்டி. ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆர்சிஏ ஜாக், மறுபக்கம் எச்டிஎம்ஐ, பக்கவாட்டில் கரண்டுக்கு மினி யுஎஸ்பி, படத்தின் அளவை 720பி/1080பி (720p/1080p) என்று மாற்றும் சின்ன சுவிட்ச். விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி, எதிர்த் திசையில் வேலை செய்யும் பெட்டியும் பக்கத்திலேயே விற்கும். ஒன்றின் பெயர் 'ஏவி டு எச்டிஎம்ஐ', மற்றது 'எச்டிஎம்ஐ டு ஏவி'. திருப்பிச் செருகினால் வேலை செய்யாது. கடையில் வெறுமனே 'எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர்' என்று கேட்காமல், "அண்ணாச்சி, மஞ்சள் ஒயர் உள்ள போகணும், எச்டிஎம்ஐ வெளிய வரணும்" என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள். ஆர்சிஏ பக்கம் 'இன்புட்' என்றும் எச்டிஎம்ஐ பக்கம் 'அவுட்புட்' என்றும் அச்சிட்டிருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். பால்/என்டிஎஸ்சி சுவிட்ச் தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் மானிட்டரில் எந்தப் போர்ட் என்பதையும் முன்பே பாருங்கள்.

எச்டிஎம்ஐ இருந்தால் நேராக.

டிவிஐ மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐ-டிவிஐ ஒயர் போதும், சிப் எதுவும் வேண்டாம். ஒலியை மட்டும் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டருக்கு இரண்டு வழி: 'ஏவி டு விஜிஏ' பெட்டி, அல்லது ஏவி டு எச்டிஎம்ஐயின் பின்னால் ஒரு எச்டிஎம்ஐ டு விஜிஏ அடாப்டர். இரண்டாவதில் அந்த அடாப்டர் எச்டிஎம்ஐ வழியே வரும் 5 வோல்ட்டில் ஓடுவது. மலிவுக் கன்வெர்ட்டர் அந்தக் கரண்டைச் சரியாகத் தராமல் படம் விட்டுவிட்டு வரலாம். தனி யுஎஸ்பி கரண்டும் 3.5 மில்லிமீட்டர் ஒலி ஜாக்கும் உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் என்றால் எச்சரிக்கை: கடைகளில் கிடைக்கும் ஒயர்களில் பெரும்பாலானவை கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ திரைக்குப் போக மட்டுமே. உங்களுக்கு வேண்டியது அதற்கு எதிர்த்திசை. அதற்குச் சிப் உள்ள, தனிக் கரண்ட் வாங்கும் அடாப்டரே வேண்டும்.

மஞ்சள் கேசட் டிவி கேம்

பின்புறத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ ஜாக் இருந்தால் அதிர்ஷ்டம். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மூன்று நிற ஒயரே போதும்.

1. மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை. டிவி கேமில் ஒலி ஒற்றை என்பதால் சிவப்பு சும்மா இருக்கும்.
2. கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் 1 ஆம்பியர் போன் சார்ஜரிலிருந்து கரண்ட் கொடுங்கள். மானிட்டரின் யுஎஸ்பியிலிருந்து எடுத்தால், மானிட்டர் தூங்கும்போது கன்வெர்ட்டரும் சில சமயம் அணைந்துவிடும்.
3. மானிட்டரை எச்டிஎம்ஐக்கு மாற்றுங்கள். கேம் பெட்டி அணைந்திருக்கும்போதே திரையில் நீலமோ வேறு ஒற்றை நிறமோ வந்தால் கன்வெர்ட்டரிலிருந்து மானிட்டர் வரை எல்லாம் சரி. 'நோ சிக்னல்' என்றால் கோளாறு இந்தப் பாதியில்தான். கேம் பெட்டியைத் திறக்காதீர்கள்.
4. பிறகு கேசட்டைச் செருகிப் பெட்டியைப் போடுங்கள்.

மஞ்சள் ஜாக் இல்லாமல், ஆன்டெனா ஒயர் மட்டும் வெளியே வரும் பெட்டிகள்தான் சிக்கலானவை. அந்த ஒயரில் வருவது டிவி சேனல். ஏவி கன்வெர்ட்டரில் செருக வழியே இல்லை. ஆனாலும் பெட்டியைத் தூக்கிப்போட வேண்டாம்.

எளிய வழி, எக்ஸ்டெர்னல் டிவி டியூனர் பெட்டி. எல்சிடி மானிட்டரில் கேபிள் டிவி பார்ப்பதற்காக ஒரு காலத்தில் வாங்கியது. ஆன்டெனா ஒயர் உள்ளே போகும், விஜிஏ வெளியே வரும், கூடவே ரிமோட்டும் இருக்கும். கேபிள் டிஜிட்டலாகி வீடுதோறும் செட்டாப் பாக்ஸ் வந்தபின் இவற்றுக்கு வேலையில்லை. பரண்களிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடைக்கின்றன. டிவி கேமை ஆன்டெனா ஜாக்கில் செருகி, பெட்டியை ஓடவிட்டு, ஆட்டோ ஸ்கேன் கொடுத்தால் ஏதாவதொரு சேனலில் வந்து நிற்கும். படம் வந்து ஒலியில் இரைச்சல் மட்டும் கேட்டால் டியூனரின் சவுண்ட் சிஸ்டத்தை பிஜி, டிகே, ஐ என்று மாற்றிப் பாருங்கள். இந்தப் பெட்டிகளில் ஏவி ஜாக்கும் இருக்கும் என்பதால் விஜிஏ மானிட்டர்காரர்களுக்கு இது ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். வீட்டில் ஓடும் நிலையில் விசிஆர் இருந்தால் அதன் டியூனரும் இதே வேலையைச் செய்யும்: ஆன்டெனா உள்ளே, மஞ்சள் ஒயர் வெளியே.

இரண்டாவது வழி, பெட்டிக்குள் வீடியோவைப் பிடித்து வெளியே எடுப்பது. சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகியவர்களுக்கு அரை மணி வேலை. பழகாதவர்கள் நல்ல செல்போன் சர்வீஸ் கடையில் கொடுத்துவிடலாம். ஆன்டெனா ஒயர் வந்து சேரும் இடத்தில் தகரத்தால் மூடிய சின்னப் பெட்டி ஒன்று போர்டில் நிற்கும். அதுதான் படத்தையும் ஒலியையும் டிவி சேனலாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர். போர்டிலிருந்து அதற்குள் கரண்ட், வீடியோ, ஒலி போகும். தகர உடம்புதான் கிரவுண்ட். பெட்டியை ஓடவிட்டு மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தகரத்தில் வைத்து ஒவ்வொரு பின்னாக அளங்கள். அசையாமல் 5 வோல்ட் காட்டுவது கரண்ட். மற்ற பின்களை ஒவ்வொன்றாக, நடுவில் 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 75 ஓம் ரெசிஸ்டரும் வரிசையாகப் போட்டு (மின்தேக்கியின் பிளஸ் முனை பெட்டிப் பக்கம்) கன்வெர்ட்டரின் மஞ்சள் ஜாக்கில் கொடுத்துப் பாருங்கள். படம் வருவது வீடியோ. வெள்ளை ஜாக்கில் கொடுத்தால் பாட்டு கேட்பது ஒலி. ரெசிஸ்டர் கடையில் 75 ஓம் கேட்டால் இரண்டு 150 ஓமை இணையாகப் போடச் சொல்வார்கள். அதுவும் சரிதான்.

படம் மங்கலாகவோ நெளிந்தோ வந்தால் சிக்னலுக்குத் தெம்பில்லை, ஒரு டிரான்சிஸ்டர் தாங்கல் (பஃபர்) வேண்டும். பிசி557 (BC557) டிரான்சிஸ்டர் எங்கும் கிடைக்கும். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். கலெக்டரைக் கிரவுண்டில் சேருங்கள். வீடியோ பேஸில். எமிட்டரிலிருந்து 330 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு ஒரு பாதை. அதே எமிட்டரிலிருந்து 100 ஓம், அடுத்து 220 மைக்ரோஃபாரட் (பிளஸ் எமிட்டர் பக்கம்) வழியாக மஞ்சள் ஜாக்கின் நடுவுக்கு இன்னொரு பாதை. ஜாக்கின் வெளிவளையம் கிரவுண்டில். வேலை முடிந்து படம் சரியாக வந்தபின் மாடுலேட்டருக்குப் போகும் 5 வோல்ட்டைத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் படத்தில் மெல்லிய சாய்கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும்.

சோதனைக்கு ஒரு யோசனை. காரில் ரிவர்ஸ் கேமராவுக்கு வைக்கும் 4.3 அல்லது 7 அங்குலச் சின்னத் திரையில் மஞ்சள் ஆர்சிஏ உண்டு. 12 வோல்ட்டில் ஓடும், பாலும் என்டிஎஸ்சியும் ஏற்கும். கோளாறு கேம் பெட்டியிலா கன்வெர்ட்டரிலா என்று பிரித்தறிய அதைவிட மலிவான கருவி கிடையாது.

பிளேஸ்டேஷன் 1, 2

இரண்டிலும் ஒரே மாதிரி அகலமான ஏவி மல்டி அவுட் ஜாக். ஆனால் உள்ளிருந்து வருவது ஒன்றல்ல. பிளேஸ்டேஷன் 1இல் காம்போசிட் (மஞ்சள் ஒயர்), எஸ்-வீடியோ (நிறமும் வெளிச்சமும் தனித்தனிக் கம்பியில்), ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக) மட்டும். காம்பொனென்ட் (பச்சை, நீலம், சிவப்பு வீடியோ ஒயர்கள்) அதில் வராது, ஒயரைச் செருகினாலும் வராது. பிளேஸ்டேஷன் 2இல் காம்பொனென்டும் உண்டு.

பெட்டியோடு வந்த மஞ்சள் ஒயரை மேலே சொன்ன கன்வெர்ட்டரில் போட்டால் இரண்டுமே ஓடும். எழுத்துகள் குழம்பும், சிவப்பு நிறம் கரையை விட்டு வழியும். அது மஞ்சள் ஒயரின் இயல்பு; கன்வெர்ட்டரை மாற்றினாலும் தீராது. நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பி மறுபடியும் பிரிப்பதால் வருவது. பிளேஸ்டேஷன் 1க்கு எஸ்-வீடியோ ஒயரும் எஸ்-வீடியோ ஜாக் உள்ள கன்வெர்ட்டரும் போட்டாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பிளேஸ்டேஷன் 2க்கு ஆன்லைனில் 'பிஎஸ்2 டு எச்டிஎம்ஐ' என்று விரல் நீளக் கருவி கிடைக்கும். நேராகப் பின்புறத்தில் செருகுவது. இதில்தான் மானிட்டர்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கருவி காம்பொனென்டை எச்டிஎம்ஐ ஆக்குமே தவிர, பொதுவாகப் படத்தின் அளவை மாற்றாது. பெட்டி 480ஐ (480i), 576ஐ (576i) என்று, அதாவது ஒரு படத்தை ஒன்றுவிட்டு ஒரு வரியாக இரண்டு தவணையில், அனுப்பினால் அதுவே வெளியே வரும். எச்டிஎம்ஐ டிவி அதை ஏற்கும். பல கம்ப்யூட்டர் மானிட்டர்கள் ஏற்கா. பக்கத்து வீட்டு டிவியில் வந்தது உங்கள் மானிட்டரில் வராததற்குக் காரணம் இதுதான், கருவி பழுதல்ல.

இதற்கு வழிகள்:

முதலில் பெட்டியின் அமைப்பு. மஞ்சள் ஒயரைப் போட்டு, டிஸ்க் இல்லாமல் தொடங்கி, சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் 'காம்பொனென்ட் வீடியோ அவுட்' என்பதை 'ஆர்ஜிபி'யிலிருந்து 'ஒய் சிபி/பிபி சிஆர்/பிஆர்' என்று மாற்றுங்கள். இதை மாற்றாமல் காம்பொனென்ட் செருகினால் படம் பச்சையாகவோ ஊதாவாகவோ வரும். பெட்டிக்குள் இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருந்தால் கடிகாரம் ஒவ்வொரு முறையும் தொலைந்துபோகும், செல்லையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

சில விளையாட்டுகள் தாமே 480பி (480p, எல்லா வரியையும் ஒரே தவணையில் அனுப்புவது) தரும். தொடங்கும்போது முக்கோணமும் எக்ஸும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் கேட்கும். வேறு சிலவற்றில் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் 'புரோக்ரெசிவ் ஸ்கேன்' இருக்கும். 480பியைப் பெரும்பாலான மானிட்டர்கள் ஏற்கும். ஆனால் மெனுவும் தொடக்கப் படமும் 480ஐ அல்லது 576ஐயில்தான் வரும் என்பதால், அதுவரை கண்ணைக் கட்டிக்கொண்டு அமுக்க வேண்டியிருக்கும்.

உறுதியான வழி, காம்பொனென்ட் ஒயரும் 'ஸ்கேலர்' (படத்தின் அளவை மாற்றுவது) என்று தெளிவாக எழுதிய காம்பொனென்ட் டு எச்டிஎம்ஐ பெட்டியும். 'ஸ்கேலர்' என்ற சொல்லும் '720பி/1080பி' வெளியீடும் அட்டைப்பெட்டியில் இல்லாதவை மேற்சொன்ன விரல் கருவியின் அண்ணன்தான், வாங்காதீர்கள். பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கைப் பிளேஸ்டேஷன் 2இல் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: அவை 240பி அனுப்புபவை, சில ஸ்கேலர்கள் அதில் இருண்டுவிடும்.

வீ, பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360

இவற்றில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நின்டெண்டோவின் வீ (Wii) பெட்டிக்கு மலிவான 'வீ டு எச்டிஎம்ஐ' கருவியே போதும். செருகியபின் செட்டிங்ஸில் ஸ்கிரீன், டிவி ரெசல்யூஷன் போய் 480பி தேர்ந்தெடுங்கள். மானிட்டர் தொடக்கத்தில் 480ஐயை ஏற்காமல் இருண்டிருந்தால் ஒரு முறை ஏதாவதொரு டிவியில் செருகி மாற்றிவிட்டுக் கொண்டுவர வேண்டும்.

பிளேஸ்டேஷன் 3இல் எச்டிஎம்ஐ இருக்கிறது. முன்பு வேறு டிவியில் வைத்த அமைப்பால் படம் வராவிட்டால், சிவப்பு விளக்கு எரியும் நிலையில் பவர் பொத்தானை இரண்டாவது 'பீப்' வரும்வரை, ஏறத்தாழ 5 நொடி, அமுக்கிப் பிடித்தால் வீடியோ அமைப்பு பழையபடி ஆகும். மிகப் பழைய டிவிஐ மானிட்டரில் எச்டிசிபி என்ற நகல்தடுப்பு வசதி இல்லையென்றால் அதன் எச்டிஎம்ஐ படம் காட்டாது. எக்ஸ்பாக்ஸ் 360இல் எச்டிஎம்ஐ 2007இலிருந்துதான்; அதற்கு முந்தையதற்கு விஜிஏ ஒயரே தனியாக உண்டு, மானிட்டரில் நேராகப் போடலாம். இந்தப் பெட்டியில் மட்டும் ஒயர் மாற்றினாலே போதும், ஏனென்றால் சிக்னல் ஏற்கெனவே மானிட்டருக்கு ஏற்றது.

ஒலி

பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது. எச்டிஎம்ஐ வழியே உள்ளே வந்த ஒலி, மானிட்டரின் பின்னால் உள்ள ஹெட்போன் ஜாக்கில் வெளியே வரும். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை அங்கே செருகுங்கள். அந்த ஜாக்கும் இல்லையென்றாலோ, டிவிஐ மானிட்டர் என்றாலோ, கேம் பெட்டியின் வெள்ளையும் சிவப்பும் கன்வெர்ட்டருக்கே போக வேண்டாம்: ஆர்சிஏ பெண் முனையிலிருந்து 3.5 மில்லிமீட்டருக்கு மாற்றும் ஒயரால் நேராக ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடலாம். ஒற்றை ஒலியுள்ள டிவி கேமுக்கு ஒரு ஒய் பிரிப்பான் போட்டால் இரண்டு பக்கமும் கேட்கும்.

குண்டு மரியோ

இந்தப் பெட்டிகள் எல்லாம் 4:3 திரைக்குச் செய்தவை. மலிவுக் கன்வெர்ட்டர் படத்தை 16:9க்கு இழுத்துத் தரும். எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடி, மரியோ குண்டாகத் தெரிவார். மானிட்டர் மெனுவில் 'ஆஸ்பெக்ட்' அல்லது 'ஆட்டோ' வைத்தால் சரியாகாது, ஏனென்றால் கன்வெர்ட்டரே '16:9' என்றுதான் மானிட்டரிடம் சொல்கிறது. '4:3' என்று கட்டாயப்படுத்தும் தேர்வு வேண்டும். சில மானிட்டர்களில் 1080பி வரும்போது அந்தத் தேர்வு மங்கி நிற்கும். கன்வெர்ட்டர் சுவிட்சை 720பிக்கு மாற்றிப் பாருங்கள். 1920×1080 மானிட்டரில் சரியான 4:3 படம் 1440×1080 இடத்தில் நிற்கும், இருபுறமும் கறுப்புப் பட்டையோடு.

பழைய சதுர மானிட்டர் கிடைத்தால் இந்தத் தொல்லையே கிட்டத்தட்ட இல்லை. 15 அங்குல 1024×768 சரியான 4:3. 17 அங்குல 1280×1024 என்பது 5:4. படம் சற்றே உயரமாகும், பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். அகலத் திரை வந்தபின் அலுவலகங்கள் கழித்துவிட்ட இந்த மானிட்டர்களை எங்கள் கணக்கில் 24 அங்குல மானிட்டரைவிட டிவி கேமுக்கு உகந்தது என்றே சொல்வோம்.

தாமதமும் மினுக்கலும்

50 ஹெர்ட்ஸில் ஒரு படம் 20 மில்லிநொடி, 60இல் 16.7. மலிவுக் கன்வெர்ட்டர் படத்தைச் சேர்த்து வைத்துத் தருவதால் ஓரிரண்டு படமாவது பின்தங்கும். ரேஸ் விளையாட்டில் தெரியாது, குழிதாண்டும் விளையாட்டில் தெரியும். மானிட்டரின் 'ரெஸ்பான்ஸ் டைம் 1 மில்லிநொடி' என்ற விளம்பரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு குறை, 240பியை 480ஐ என்று நினைத்துக்கொள்வது. அடிபட்டபின் ஆள் மினுக்கி மினுக்கித் தெரியும் இடத்தில் பாருங்கள். சீராக மினுக்காமல் முற்றாக மறைந்தாலோ, சீப்புப் பல் மாதிரி கோடுகோடாகத் தெரிந்தாலோ கன்வெர்ட்டர் அப்படித்தான் நினைக்கிறது. இதைத் தீர்க்க ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற கருவிகள் இருக்கின்றன. வரிகளை வந்த வேகத்திலேயே இரட்டித்து அனுப்புபவை, தாமதம் இல்லை என்றே சொல்லலாம். ஓஎஸ்எஸ்சி ஆர்ஜிபியும் காம்பொனென்டும் வாங்கும், மஞ்சள் ஒயரை வாங்காது. ரெட்ரோடிங்க் 2எக்ஸ் மஞ்சளும் எஸ்-வீடியோவும் வாங்கும். ஆனால் பால் பெட்டியிலிருந்து வருவது 50 ஹெர்ட்ஸ் 576பியாக வெளியேறும். உங்கள் மானிட்டர் 50 ஹெர்ட்ஸ் ஏற்குமா என்பதைக் கையேட்டில் பார்க்காமல் வெளிநாட்டுச் சரக்குக்குச் சுங்கமும் கட்டி வாங்காதீர்கள். மஞ்சள் கேசட் டிவி கேமுக்காக மட்டும் இவ்வளவு செலவு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கூட பிளேஸ்டேஷனும் சேகாவின் மெகா டிரைவும் இருந்தால் யோசிக்கலாம்.

வந்த படம் சரியில்லை என்றால்

கறுப்பு வெள்ளையாக வருகிறதா? கன்வெர்ட்டரின் பால்/என்டிஎஸ்சி சுவிட்சை மாற்றுங்கள். காம்பொனென்ட் பெட்டியின் பச்சை ஜாக்கில் மஞ்சள் ஒயரைச் செருகினாலும் இதேதான் வரும்.

அகலமான பட்டை ஒன்று கீழிருந்து மேலே மெதுவாக ஊர்ந்தால் அடாப்டரின் மின்தேக்கி காய்ந்துவிட்டது. உள்ளே 1000 மைக்ரோஃபாரட் அளவில் ஒன்று இருக்கும். அதே வோல்ட்டோ அதிகமோ உள்ள புதியதைப் போடுங்கள். கூடவே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று கேட்டால் மானிட்டர், ஸ்பீக்கர், கேம் மூன்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகிப் பாருங்கள்.

வெளிச்சம் வெளுத்துப்போய்த் தெரிந்தால் 75 ஓம் விட்டுப்போயிருக்கிறது. ஒலிக்குப் பதில் 'பர்ர்ர்' என்றால் மஞ்சளும் வெள்ளையும் இடம் மாறியிருக்கின்றன.

படம் கட்டம்கட்டமாக உடைந்து, எழுத்து எல்லாம் குப்பையாகத் தெரிந்தால் குற்றம் கேசட்டில், கன்வெர்ட்டரில் இல்லை. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பித்தளைப் பின்களில் பச்சை பூக்க வைத்துவிடும். வாயால் ஊதுவது எச்சில் ஈரத்தை ஏற்றி அதை வளர்க்கத்தான் செய்யும். செல்போன் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காதுக்குச்சிப் பஞ்சில் நனைத்துக் கேசட்டின் 60 பின்னையும் இருபுறமும் துடையுங்கள். கறை போகாவிட்டால் வெள்ளை அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் தட்டி, மறுபடி துடையுங்கள். ஆர்சிஏ ஜாக்குகளுக்கும் இதே வைத்தியம். மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தொடவே வேண்டாம்.

ஐப்பசி இடிமழையில் சுவிட்சை அணைத்தால் போதாது. அடாப்டரையும் சார்ஜரையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

டிவி கேமோடு வந்த துப்பாக்கி மானிட்டரில் எந்தக் கன்வெர்ட்டர் போட்டாலும் சுடாது. அது படக்குழாய் டிவியில் ஒளி நொடிக்கு 15,000 சொச்சம் வரியாகத் துடிப்பதையும், அது சரியான கணத்தில் வருவதையும் பார்த்தே குறியை அறிகிறது. எல்சிடியில் அந்தத் துடிப்பும் இல்லை, கணமும் தள்ளிப்போகிறது. வாத்து சுட வேண்டுமென்றால் 2006க்குப் பின் அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி யார் வீட்டிலாவது இன்னும் ஓடுகிறதா என்று கேளுங்கள். அதில் ஆன்டெனா ஒயரை அப்படியே செருகலாம், கன்வெர்ட்டரே வேண்டாம்.